ரேஷன் கார்டில் இரண்டு பெயர்

எங்கள் ரேஷன் கார்டில் இரண்டு பெயர்கள் இருந்தன. வீட்டில் இருந்தது நான் ஒருத்தி.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது கார்டைச் சரிபார்க்க ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆறு குடித்தனங்கள் இருந்த வீட்டில், கிணற்றடியை ஒட்டிய போர்ஷன் எங்களுடையது. ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான். உள்ளே எத்தனை பேர் என்பது வாசலில் நின்றாலே தெரிந்துவிடும். வந்தவர் கார்டைப் புரட்டி, என் கணவரின் பெயர் மேல் பேனாவை வைத்து, "சார் இருக்காரா?" என்பார். "டூர் போயிருக்கார்" என்பேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த போர்ஷனுக்குப் போய்விடுவார். இந்தப் பொய்யைப் பன்னிரண்டு வருஷம் சொன்னேன். அவர் பங்குச் சர்க்கரைக்கு ஆசைப்பட்டுச் சொன்னேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சர்க்கரையை எதிர்ப் போர்ஷன் மாமியிடம் கொடுத்துவிடுவேன். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பெயர். எங்கள் வழக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். என் கண்ணில் அது தினமும் படக் கிடைத்த இடம் அந்தக் கார்டு ஒன்றுதான்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, காப்பிப்பொடி தீர்ந்துவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு கட்டடக் கம்பெனியில் படம் வரைகிற வேலை அவருக்கு. அதிகம் பேசமாட்டார். யோசிக்கும்போது இடது காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. சண்டையும் இல்லை. முதல் நாள் வீட்டில் என்ன நடந்தது என்று போலீஸ்காரர் துருவித் துருவிக் கேட்டார். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் என்றேன். வேறென்ன சொல்வது? அதுதான் நடந்தது.

காப்பிக்கொட்டை அரைக்கிற கடையில் போய் விசாரித்தேன். வந்தாராம். பீபரிக் கொட்டை அரைக் கிலோ, சிக்கரி கொஞ்சமாக என்று சொன்னாராம். கூட்டம் அதிகமாக இருந்ததால், "அரைச்சு வையுங்கோ, இதோ வந்துடறேன்" என்று சொல்லிப் போனாராம். அந்த 'இதோ'வைத்தான் நான் பல வருஷம் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து டப்பாவில் கொட்டி மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அதில் நான் காப்பி போடவில்லை.

தியாகராய நகரில் அவருடைய அண்ணா இருந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு என்னோடு வந்து, நான் சொல்ல முடியாத பெயரைச் சொல்லி எழுதவைத்தவர் அவர்தான். மூன்று மாதம் கழித்து, அடையாறு கடலில் கலக்கிற இடத்தில் ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாகச் சொல்லி, அடையாளம் காட்ட அண்ணாவைக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். மத்தியானம் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அவன் இல்லை" என்றார். அன்று சாயங்காலமே கோயிலுக்கு ஓடிப்போய் ஒன்பது தேங்காய் உடைத்தேன்.

கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்றாம் வகுப்பு டீச்சர் வேலை கிடைத்தது. காலையில் நடந்து போவேன், சாயங்காலம் நடந்து வருவேன். நாற்பது பிள்ளைகளோடு தொண்டை வறளக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒரு குரல் இருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் பேச்சை நிறுத்தினால் திங்கட்கிழமை காலை அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுதான் மறுபடி வாயைத் திறப்பேன். முதல் பெயரைக் கூப்பிடும்போது குரல் கரகரவென்று வரும். தனியாக இருந்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தனிமையில் ஒரு தினுசு உண்டு, அது விதவைக்கும் கிடையாது, சுமங்கலிக்கும் கிடையாது. நவராத்திரி வந்தால் தெருவில் எல்லாரும் எல்லாரையும் வெற்றிலை பாக்குக்குக் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. பொட்டும் தாலியும் இருக்கிறது, ஆனால் புருஷன் இருக்கிறானா என்பது நிச்சயமில்லை. எதிர்ப் போர்ஷன் மாமி நல்லவள். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சுண்டலையும் வெற்றிலையையும் ஒரு தட்டில் வைத்து, நான் பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரமாகப் பார்த்து என் வாசல் மாடத்தில் வைத்துவிட்டுப் போவாள். கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கொடுக்காத மாதிரியும் ஆயிற்று. நான் ஆறிப்போன சுண்டலைத் தின்றுகொண்டு கொலுப்பாட்டைச் சுவர் வழியாகக் கேட்பேன்.

காலையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போதுதான் கேள்வி வரும். குங்குமத்தில் விரலைத் தொட்டுக்கொண்டு நிற்பேன். இருக்கிறாரா, இல்லையா? இல்லை என்றால் போனது எது, எங்கே போயிற்று? இருக்கிறார் என்றால், என்னை இப்படி விட்டுவிட்டு எங்கேயோ பல் தேய்த்துக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிற அந்த ஆள், எனக்குத் தெரிந்தவர்தானா? ஆறு வருஷம் பக்கத்தில் இருந்தவரே யாரென்று தெரியவில்லை என்றால் நான் யார்? பள்ளிக்கு நேரமாகிவிடும். பொட்டை வைத்துக்கொண்டு ஓடுவேன். நேராகத்தான் வைத்தேனா என்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

பதில் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. அதுதான் கூத்து. ஜாதகம் பார்த்தவர் வடக்கே இருக்கிறார் என்றார். வெற்றிலையில் மை போட்டுப் பார்த்தவர் தண்ணீர்ப் பக்கம் என்றார். ஏட்டைப் பிரித்துப் படித்தவர், சந்நியாசம் வாங்கிக்கொண்டார், நாற்பத்தைந்து வயதில் திரும்புவார் என்றார். சோழி போட்டவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, உயிர் இருக்கிறது ஆனால் ஞாபகம் இல்லை என்றார். ஒவ்வொரு பதிலோடும் வீட்டுக்கு வந்து நாலு நாள் நிம்மதியாக இருப்பேன். ஐந்தாம் நாள் கண்ணாடி முன்னால் விரல் நின்றுவிடும். அப்புறம் அடுத்த ஆளைத் தேடிப் போவேன். ஐந்து வருஷம் இப்படி அலைந்தேன்.

அப்படியிருக்கையில் எதிர்ப் போர்ஷன் மாமி ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூச்சிரைக்க வந்தாள்.

"அடியே, அடையாத்துல அந்தப் பெரிய தோட்டம் இருக்கோல்லியோ, எல்லா மதத்துக்கும் ஒவ்வொரு கோயில் கட்டி வச்சிருக்காளே, அங்கே போயிருந்தேண்டி. காவி கட்டிண்டு ஒருத்தர், மொட்டைத் தலை. பின்னாலேர்ந்து பார்த்தேன். அந்தக் காதை இழுத்துக்கற இழுப்பு இருக்கே! நான் ஒண்ணும் சொல்லலை. நீயே போய்ப் பாரு."

நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஓடவில்லை. அடுப்பை மூட்டினேன். ஐந்து வருஷமாக யார் கையால் என்ன சாப்பிட்டாரோ என்றுதான் முதலில் தோன்றிற்று. எங்கள் தெருக்காரிகளுக்கு ஒருவரைப் பார்க்கப் போவது என்றால் வெறுங்கையோடு போகத் தெரியாது. வெந்தயக் குழம்பு வைத்தேன், உருளைக்கிழங்கு வதக்கினேன், தயிர் சாதம் பிசைந்து மேலே கடுகு தாளித்தேன். மூன்று அடுக்குக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். போய்ச் சேரும்போது மணி நாலு.

தோட்டத்தில் மரங்களுக்குள் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. புத்தருக்கு ஒரு சின்னக் கோயில், அதன் முன்னால் ஒரு குளம், குளத்தில் அல்லி. படியில் காவித் துணி போர்த்திய ஓர் ஆள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் புத்தகம். இடது கை காதுமடலை இழுத்துக்கொண்டிருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் வழியில்லை. "இதோ பாருங்கோ" என்றேன்.

திரும்பினார். கறுத்த முகம், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காதுக்குப் பின்னால் ஒரு கொசுக்கடி சிவந்து வீங்கியிருந்தது. அதைத்தான் சொறிந்துகொண்டிருந்திருக்கிறார்.

இலங்கையிலிருந்து வந்த பிக்கு. அங்கே இருந்த நூலகத்தில் ஏதோ பழைய ஏடுகளைப் படிக்க வந்திருந்தார். தமிழ் கொஞ்சம் வந்தது, அவர்கள் ஊர்த் தமிழ். நான் நின்ற நிலையைப் பார்த்து எழுந்து நின்றார். தேடி வந்தது நீங்கள் இல்லை, இருந்தாலும் சாப்பிடுங்கள் என்று கேரியரை நீட்டினேன். துக்கத்தில்கூட எனக்குச் சோறு வீணாகக் கூடாது.

"மன்னிக்கோணும் அம்மா. மத்தியானத்துக்குப் பிறகு நான் சாப்பிடுறதில்லை."

"ஒரு வாய்கூடவா?"

"எங்கட விதி, அம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரும் இல்லை, இவர் சாப்பாடும் சாப்பிட மாட்டார்! காவி கட்டியவர் யாராயிருந்தாலும் குறி கேட்டுவிடுவது எங்கள் தெருவின் பழக்கம். படியில் உட்கார்ந்து முழுக் கதையையும் கொட்டினேன். காப்பிப்பொடி, அண்ணா பார்த்துவிட்டு வந்த உடல், சோழி, மை, எல்லாம். கடைசியில், "நீங்களாவது சொல்லுங்கோ. அவர் இருக்காரா, இல்லையா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பதிலைத் தேடுகிற மாதிரிகூடத் தெரியவில்லை. கேட்டது புரியவில்லையோ என்று இன்னொரு தடவை, உரக்கக் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது, அம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஐந்து வருஷத்தில் ஒரு மனுஷன்கூட என்னிடம் அதைச் சொல்லவில்லை. எத்தனை பேர், எத்தனை தட்சிணை! எவருக்கும் தெரியாமல் இல்லை. இந்தப் பையனுக்குத்தான் தெரியவில்லை. அவர் வணங்கிவிட்டு உள்ளே போனபின், நான் குளக்கரையில் உட்கார்ந்து மூன்று அடுக்கையும் திறந்து நானே சாப்பிட ஆரம்பித்தேன். வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே வழித்துத் தின்றேன். வாசலைப் பார்க்க நடுவில் எழுந்திருக்காமல் முழுச் சாப்பாடு சாப்பிட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். மணி பதினொன்றுக்குள் போய்ச் சேருவேன். சாப்பாட்டை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், அவர் அதை வாங்கிக்கொள்ள வேண்டும், பன்னிரண்டுக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். நல்லதா கெட்டதா என்று ஒரு வார்த்தை வராது. ஒருநாள் ரசத்தில் உப்பே போடவில்லை என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. மடக்மடக்கென்று அதையும் குடித்திருந்தார்.

அவர் எனக்கு எதையும் கற்பிக்க வந்தவர் இல்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவர். அம்மாவை நினைத்துக்கொண்டு முகம் வாடியிருக்கிற நாட்களும் உண்டு. நான்தான் விடமாட்டேன். செத்தபின் ஆள் இருக்கிறானா இல்லையா, உங்கள் புத்தர் என்ன சொல்கிறார், அதையாவது சொல்லுங்கள் என்று ஒருநாள் மல்லுக்கு நின்றேன்.

அவர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். "இருக்கிறார் எண்டும் சொல்லயில்லை. இல்லை எண்டும் சொல்லயில்லை. இருந்தும் இல்லாமலும் எண்டும் சொல்லயில்லை. ரெண்டும் இல்லை எண்டும் சொல்லயில்லை. கேட்ட ஆக்களுக்கு ஒண்டுமே சொல்லாமல் இருந்தார்."

எங்கள் தெரு அந்த நாலையும் என்னிடம் சொல்லியாகிவிட்டது என்றேன். "நல்ல சாமர்த்தியம்! தெரியலைன்னா வாயை மூடிண்டு இருக்கறதுக்குப் பேரு ஞானமா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். "தெரிஞ்சால், இந்த நோ போகுமோ?" என்று கேட்டார். நோ என்றால் அவர்கள் ஊரில் வலி.

"போகும்! ஏன் போகாது?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று பஸ்ஸுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும், சரி, பதில் கிடைத்ததாகவே வைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றிற்று. ஒரு தந்தி வருகிறது, இறந்துவிட்டார் என்று. பொட்டை அழிக்கிறேன். அழுகிறேன். அடுத்த நாள்? கடைசி நிமிஷத்தில் என்னை நினைத்தாரா, வலித்ததா, இப்போது எங்கே என்று கேட்பேன். சரி, கதவைத் தட்டுகிறார். நிற்கிறார். ஏன் போனீர்கள் என்று கேட்பேன். அவர் காது மடலை இழுத்துக்கொண்டு, "தெரியலையே" என்பார். சத்தியமாக அதைத்தான் சொல்வார், எனக்கு அவரைத் தெரியும். மந்தைவெளி வருவதற்குள் இரண்டு பதிலுக்கும் பின்னால் நான் அதே கூடத்தில், அதே கேள்வியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு ஸ்டாப் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தேன்.

அன்றே ஞானம் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அவர் குளக்கரையில் உட்காருகிற மாதிரி நானும் உட்கார்ந்து பார்த்தேன். மூச்சு வருவதைப் பார், போவதைப் பார், கேள்வி வந்தால் வந்தது என்று பார், துரத்தாதே, பதிலும் சொல்லாதே. அவ்வளவுதான் வேலை. எனக்கு அது வராது. கொசு, முதுகு வலி, அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகம். இருந்தாலும் காலையில் கண்ணாடி முன்னால் அதைச் செய்து பார்த்தேன். கேள்வி வரும். வந்துவிட்டாயா, சரி, உட்கார் என்று இருப்பேன். பதில் தேடி ஓடாமல் இருந்தால் அது எத்தனை நேரம்தான் நிற்கும்? சில நாள் பள்ளிக்கூடம் வரை கூடவே வந்தது. சில நாள் வாசலிலேயே நின்றுவிட்டது. தனிமை மட்டும் போகவில்லை. அது போகும் என்று அவரும் சொல்லவில்லை.

ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை கேரியரோடு போனால் படியில் ஆள் இல்லை. காவல்காரரைக் கேட்டேன்.

"அந்த சிலோன் சாமியா? ஊருக்குப் பூட்டாரும்மா, முந்தாநேத்து. பொட்டிய தூக்கினு நடந்தே போனாரு. உங்கையில சொல்லலியா?"

சொல்லவில்லை. இன்னொருத்தர் 'இதோ' என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சோறு கொடுத்த கைக்கு ஒரு வார்த்தை கிடையாதா? படியில் உட்கார்ந்தேன். கோபத்தைப் பார்த்தேன். அதற்கு அடியில் பயம் இருந்தது, அதற்கும் அடியில் வெறுமனே ஓர் ஆள் இல்லாத படி இருந்தது. ஏன் போனார், எனக்குத் தெரியாது. அதற்கு மேல் கேள்வி ஓடவில்லை. காவல்காரரைக் கூப்பிட்டுப் பாதிச் சாப்பாட்டைக் கொடுத்தேன். "இன்னாம்மா கொயம்பு, வெந்தயமா? சோக்கா கீது" என்றார். ஒன்றரை வருஷத்தில் என் சமையலைப் பற்றி வந்த முதல் வார்த்தை அது.

பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தேன், சனிக்கிழமைகளில், தனியாக.

பன்னிரண்டு வருஷம் முடிகிற சமயம், எழுபதுகளின் கடைசியில், அண்ணா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாத்தியாரையும் கூட அழைத்து வந்திருந்தார், அவர்கள் வீட்டுப் புரோகிதர். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

வாத்தியார்தான் ஆரம்பித்தார். "பன்னண்டு வருஷம் தகவல் இல்லேன்னா தர்ப்பையால ரூபம் பண்ணி, அதைத் தகனம் பண்ணி சம்ஸ்காரத்தை முடிச்சுடணும்மா. அப்புறம் வருஷா வருஷம் திதி. அந்த ஜீவனுக்குப் போக வழி வேண்டாமா?"

"பண்ணினதுக்கப்புறம் அவர் வந்து நின்னா?"

"அதுக்கும் விதி இருக்கு. புதுசாப் பொறந்த மாதிரி ஜாதகர்மத்துலேர்ந்து எல்லாம் பண்ணி, பூணூல் போட்டு, உன்னையே மறுபடி கல்யாணம் பண்ணிக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மனுஷர்களிடம் எதற்கும் பதில் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டது சிரிக்கிற விஷயம் இல்லை. நான் சரி என்றால் அவர் செத்தவர். பொட்டு போகும், தாலி போகும், இன்ஸ்பெக்டர் அந்தப் பெயரின் மேல் கோடு போடுவார். மாட்டேன் என்றால், தம்பியை நடுவழியில் நிறுத்திவைத்தவள் நான் என்று அண்ணா காலம் முழுக்க நினைப்பார். வாத்தியாருக்கு வேறு வீட்டில் வேலை இருந்தது. யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து போனார். அண்ணா எழுந்திருக்கவில்லை.

"அண்ணா, நீங்க பண்றதானா பண்ணுங்கோ. நான் தடுக்க மாட்டேன். ஆனா வந்து உட்காரமாட்டேன். அவர் இல்லேன்னு என் வாயால சொல்ல எனக்குத் தெரியாது. இருக்கார்னும் தெரியாது."

"நீ வராம எப்படிம்மா? ஒரு முடிவு தெரிய வேண்டாமா?" என்றார். "எனக்கு ஒரு முடிவு வேணும்மா. என்னால முடியலை."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

"அன்னிக்குப் போய்ப் பார்த்தேனே, அந்த உடம்பு. முகம் இல்லைம்மா. நாலஞ்சு நாள் தண்ணியில கிடந்திருக்கு. உயரம் இவன் உயரம்தான். இவனா இருக்கலாம்னு தோணித்து. இல்லேன்னும் தோணித்து. 'சொல்லுங்க சார், உங்க தம்பியா'ன்னு போலீஸ்காரன் கேட்டுண்டே நின்னான். வாசல்ல நீ நிக்கறது ஞாபகம் வந்தது. இல்லைன்னு சொல்லிட்டேன். அநாதைன்னு எழுதிண்டு எடுத்துண்டு போயிட்டா. எனக்குத் தெரியாதும்மா. இன்னிவரைக்கும் தெரியாது."

ஒன்பது தேங்காய்! பன்னிரண்டு வருஷம்! எனக்குக் கோபம் வராமல் இருந்தால்தானே ஆச்சரியம்? உடம்பெல்லாம் எரிந்தது. பின்னாலேயே கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. வேஷ்டிக் கரை என்ன? பூணூல் இருந்ததா? கால் விரல் எப்படி இருந்தது? அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று கிடையாது, பார்த்தீர்களா? பத்துக் கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. கேட்டிருந்தால் அந்த மனுஷன் பத்துக்கும் தெரியாது என்று சொல்லி அங்கேயே செத்திருப்பார். பன்னிரண்டு வருஷம் தினமும் அந்தப் பத்தையும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு நடமாடியவர் அவர். காரணம், வாசலில் நின்ற என் முகம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். மூச்சு வந்தது, போயிற்று. கிணற்றடியில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் அப்படியே இருந்தோம். குளத்துப் படியில் அந்தப் பிக்கு ஏன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவருக்கு வேறு எதுவும் கையில் இல்லை. எனக்கும் இல்லை.

கடைசியில் அண்ணா துண்டை எடுத்தார். "அது அவன்தானா, சொல்லு" என்று, சின்னக் குழந்தை கேட்கிற மாதிரி என்னைக் கேட்டார்.

"தெரியாது, அண்ணா" என்றேன். "எனக்கும் தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். தோள் இறங்கியது. எழுந்து போய்க் காப்பி போட்டேன். மேல்தட்டு டப்பாவிலிருந்து இல்லை, அன்றாடம் போடுகிற பொடியில்தான். இரண்டு டம்ளர் எடுத்து வைக்கும்போது ஒன்றில் தூசி இருந்தது. கழுவித் துடைத்துவிட்டு ஊற்றினேன்.

தர்ப்பை ரூபம் அந்த வருஷம் செய்யவில்லை. அதற்குப் பிறகும் செய்யவில்லை. அண்ணாவே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த தடவை இன்ஸ்பெக்டர் வந்து, பேனாவை வைத்து, "சார் இருக்காரா?" என்றபோது டூர் என்று சொல்ல வாய் வரவில்லை.

"தெரியாதுப்பா. பன்னண்டு வருஷமாத் தெரியாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இறந்துட்டாரா, ஊர் மாறிட்டாரா, ரெண்டுல ஒண்ணு எழுதணுமேம்மா. தெரியாதுன்னு எழுத இடம் இல்லையே."

"சர்க்கரையை நிறுத்திடுங்கோ. பேர்ல கோடு போட வேண்டாம். அந்த இடத்தைக் காலியா விட்டுடுங்கோ."

அவர் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, பென்சிலால் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டு போனார். பெயர் அப்படியே இருந்தது. நான் பொட்டையும் விடவில்லை. அவர் இருக்கிறார் என்று அல்ல, பழக்கம்தான். விரல் இப்போது கண்ணாடி முன்னால் நிற்பதில்லை.

அண்ணா மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை தியாகராய நகரிலிருந்து வர ஆரம்பித்தார். கேரியரை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அடையாற்றுக்குப் பஸ் ஏறுவோம். அவர் புத்தரைக் கும்பிடமாட்டார், இடம் நன்றாக இருக்கிறது என்பார். குளக்கரையில் உட்காருவோம். கேரியரைத் திறந்து ஆளுக்குப் பாதி சாப்பிடுவோம். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கேள்வியோடு இருக்கிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். தெரியாதவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறோம், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல்.